ஆள் உயரப் பெட்டி

"ஏங்க, பக்கத்து வீட்டுக்காரி உரல்ல எலும்பைப் போட்டு இடிக்கிறா."

கொல்லைச் சுவரின் விரிசலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள் வீரலட்சுமி.

கடலை உரித்துக்கொண்டிருந்த மலையாண்டி நிமிரவில்லை. "சூப்பு வைப்பாளா இருக்கும். உனக்கென்ன?"

"சூப்புக்கு எதுக்கு முட்டை ஓடும் தலைமுடியும்? கூடை நிறைய வச்சிருக்கா. அவ புருசன் பலகையில ஒரு பெட்டி அடிக்கிறான். ஆள் உசரத்துக்கு. நாலு பக்கமும் ஓட்டை ஓட்டையா இருக்கு."

"போடி, வேலையைப் பாரு."

மலையாண்டி சிரித்துவிட்டார். வீரலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆடி மாதம் சாக்கடைத் தண்ணீர் விஷயமாக அவளும் பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரியும் தெருவில் நின்று கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டிருந்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது ஐப்பசி. மகள் பொன்னுத்தாயி மசக்கை தீராமல் தாய்வீட்டில் வந்து படுத்திருக்கிறாள். இரண்டு தரம் கலைந்து, மூன்றாவதாக நின்ற கரு.

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது. காதை வைத்தாள்.

"பொன்னுத்தாயிக்கு இது ஆறாம் மாசம். எட்டாம் மாசத்துக்குள்ள வேலை முடிஞ்சிரணும்." கல்யாணசுந்தரியின் குரல்.

"முடிஞ்சிரும். எலும்பும் முடியும் அடியில கிடக்கட்டும். மத்தது தன்னால நடக்கும்." இது அவள் புருசன் நாகநாதன்.

அன்று ராத்திரி வீரலட்சுமி மகள் பக்கத்தை விட்டு நகரவில்லை.

மறுநாள் விடிந்து பார்த்தால் விரிசல் இருட்டாக இருந்தது. பெட்டியைக் கொண்டுவந்து சுவரோரமாகவே நிறுத்திவிட்டார்கள். மேலே நிழலுக்குத் தென்னங்கீற்று. சரியாகப் பொன்னுத்தாயி படுக்கிற அறைக்கு எதிரே.

அன்று முதல் அந்த அறையின் ஜன்னல் திறக்கவே இல்லை. பொன்னுத்தாயி கையில் ஒரு கயிறு, இடுப்பில் ஒரு கயிறு, தலையணைக்கடியில் வேப்பிலை.

"புழுங்குதும்மா. கொல்லைப் பக்கமாவது போயிட்டு வாரேன்."

"கொல்லைப் பக்கம் போனா காலை ஒடிச்சிருவேன்."

தினம் காலையிலும் சாயங்காலமும் சுவருக்கு அந்தப் பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். கூடவே கல்யாணசுந்தரி என்னவோ முணுமுணுப்பாள். வீரலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் ஓட்டை ஓட்டையாக அந்தப் பெட்டிதான் வந்து நின்றது.

மார்கழியில் ஒரு நாள் காலை பொன்னுத்தாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

நர்ஸம்மா வந்து பார்த்தார். "பொய்வலிதான். பயப்படாதீக. ஆனா பிள்ளை ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்குதே, எப்படி உடம்பு தாங்கும்?"

பொய்வலியாம்! எட்டாம் மாதம் பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது. வீரலட்சுமி கடப்பாரையை எடுத்தாள். பக்கத்து வீட்டுக் கொல்லைக் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பெட்டி நின்றது. அவள் கடப்பாரையை ஓங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு சின்னச் செடி எட்டிப் பார்த்தது. மூன்று மூன்று இலையாக. நடுவே வெள்ளைப் பூ. இலைக்கடியில் சிவப்புச் சிவப்பாக, சுண்டுவிரல் நுனி அளவுக்குப் பழம்.

"அக்கா! அடிச்சுராதீக!" தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள் கல்யாணசுந்தரி. "பொன்னுத்தாயிக்குத்தான் போட்டிருக்கு."

"என்னடி இது?"

"ஸ்ட்ராபெரி. கொடைக்கானல்ல கல்யாணமான புதுசுல சாப்பிட்டுச்சாம். வாய்க்கு எதுவுமே பிடிக்கலை, அது கிடைச்சாத் தேவலைன்னு ஒரு நாள் கோயில்ல வச்சுச் சொல்லுச்சு. இவுக அங்க ஒரு பங்களாவுலதானே தோட்ட வேலை பாக்குறாக? பழம் இங்க வாரதுக்குள்ள அழுகிருமாம். அதான் செடியாக் கொண்டாந்தாக."

"எலும்பு? முடி?"

"உரம்க்கா. அந்தப் பங்களாவுல அப்படித்தான் போடுவாகளாம். எங்களுக்கு ஏது இடம்? அதான் மேல மேல வைக்கிற மாதிரி பெட்டி அடிச்சாக. நம்ம வெயிலுக்கு வருமா வராதான்னு பயம். தண்ணி ஊத்தையில எல்லாம் 'காய்ச்சிரு தாயி, காய்ச்சிரு தாயி'ன்னு கெஞ்சிக்கிட்டே ஊத்துவேன்."

பேசிக்கொண்டே பழங்களைப் பறித்துப் பூவரசு இலையில் வைத்தாள். பதினொன்று இருந்தன.

"சண்டையில நானும் வாயை விட்டுட்டேன். பொன்னுத்தாயி என்னக்கா பண்ணுச்சு?"

கடப்பாரை கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்த வீரலட்சுமியின் கண், பெட்டியின் அடி மூலையில் போய் நின்றது. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகட்டை வைத்து ஆணி அடித்திருந்தது. தகட்டில் கட்டம் கட்டமாகக் கீறல்கள். நடுவில் 'கல்யாணசுந்தரி' என்று எழுத்து.

வீரலட்சுமிக்கு நிமிரவே பயமாக இருந்தது.

"பெட்டிக்குக் கால் ஊணக் குழி தோண்டையில கிடைச்சுச்சு," என்றாள் கல்யாணசுந்தரி, குரலைத் தாழ்த்தி. "உங்க பச்சைக் கண்டாங்கிச் சேலைக் கிழிசல்ல சுத்திப் புதைச்சிருந்துச்சு. துணியை அடுப்புல போட்டுட்டேன், இவுகளுக்குக்கூடத் தெரியாது. மூலையில தண்ணி ஒழுகுச்சா, தகடு நல்ல கனமா இருக்கேன்னு அதை வச்சு அடைச்சுட்டேன். நீங்க வெரசாப் போங்கக்கா, பிள்ளை பசியோட கிடக்கும்."