மருமகள் பார்த்த ஹாஸ்டல்

"மகன் வீடு இருக்கையில நாம எதுக்கு ஹாஸ்டல்ல தங்கணும்?"

வைகுண்டராஜ் போனைச் சோபாவில் வீசினார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரல் உயர்ந்தால் ராஜபாளையத்தில் அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும். இப்போது தம்பி மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தம்பி பிள்ளைகள் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். கூட்டுக் குடும்பம், எது பேசினாலும் எல்லாக் காதுக்கும் பங்கு உண்டு.

ஜப்பானில், ஒசாகாவில் வேலை பார்க்கும் மகன் பாண்டிச்செல்வம், அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டான். மருமகள் யுவராணி, அவர்கள் அங்கே தங்குவதற்கென்று சுற்றுலாப் பயணிகளுக்கான மூன்று ஹாஸ்டல்களின் படத்தை அனுப்பியிருந்தாள்.

"பிள்ளை மெனக்கெட்டு அனுப்பியிருக்கா. சும்மா பாருங்களேன்" என்று மனைவி மாரீஸ்வரி போனை எடுத்து நீட்டினாள்.

வேண்டா வெறுப்பாகப் பார்த்தார்.

"என்னட்டி இது? ரயில் பெர்த்துக்குக் கதவு வச்ச மாதிரி இருக்கு. ஆளைப் படுக்க வைக்கவா, சரக்கை அடுக்கவா?"

"அது வேண்டாம். அடுத்ததப் பாருங்க."

"இது பரவாயில்ல. ஆம்பளைக்குத் தனி மாடி, பொம்பளைக்குத் தனி மாடி. ஒழுக்கமான எடம்."

"ஐயே, அது ஸ்டேஷனுக்கு ரொம்பத் தூரம்."

"வாசல்லயே ஸ்டேஷன்னு போட்டிருக்கு."

"அப்ப ஒரே சத்தமா இருக்கும். மூணாவதப் பாருங்க. பாய் விரிச்ச சின்ன ரூமு. ஜன்னலத் தெறந்தா ஆறு."

"குளிக்கிற எடம் பொதுவாம்ட்டி! அம்புட்டுப் பேரும் ஒண்ணாக் குளிக்கணுமாம்."

"பட்டாளத்துல நீங்க மட்டும் ஒத்தையிலயா குளிச்சீக?"

பதில் சொல்ல வாயெடுத்தவருக்குச் சட்டென்று உறைத்தது.

"அட, நான் எதுக்கு இதப் பாத்துக்கிட்டு இருக்கேன்?"

உடனே மருமகளுக்கு வீடியோ கால் போட்டார்.

"ஏத்தா, நாங்க ஒங்க வீட்டுக்கு வரக் கூடாதா?"

யுவராணி ஒரு நொடி அவருக்குப் பின்னால் நின்ற மாமியாரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"வீடு சின்னது மாமா. எனக்கும் வீட்லருந்தே வேலை. மீட்டிங் இருந்துக்கிட்டே இருக்கும். தப்பா எடுத்துக்கிடாதீக."

போனை அணைத்தார்.

"பாத்தியா? மாமனார், மாமியாரு வந்தா எடைஞ்சலாம். வாய் கூசாமச் சொல்லுதா!"

"விடுங்க, இந்தக் காலத்துப் பிள்ளைக..."

"நீ பேசாத. செருப்பப் போடு. ஸ்ரீவில்லிபுத்தூர் போறோம். பெத்தவளக் கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

வழி நெடுக பைக்கின் பின்னாலிருந்து மாரீஸ்வரி என்னவோ சொல்ல முயன்றாள். பாதியை லாரிச் சத்தம் விழுங்கியது. மீதியை ஹெல்மெட் தடுத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பந்தியம்மா குருவம்மாள் மட்டும்தான் வீட்டில் இருந்தாள். "வாங்கண்ணே, வாங்க மதினி" என்று நீட்டிய தண்ணீரை அவர் தொடவில்லை.

"ஒங்க மகளுக்கு நாங்க என்ன கொறை வச்சோம் தங்கச்சி? அவளுக்குக் காய்ச்சல்னா ராத்திரி பூரா முழிச்சிருந்தவ எம் பொண்டாட்டி. இன்னைக்கு எங்களுக்கு அவ வீட்ல எடமில்லையாம். ஹாஸ்டல் பாத்து வச்சிருக்கா!"

குருவம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எம் பிள்ளையா அப்படிச் சொன்னா? மன்னிச்சிருங்கண்ணே. இப்பவே கேக்கேன்."

போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அவள் போட்ட சத்தம் வாசல் வரை கேட்டது.

"ஒன்ன இப்படியாட்டி வளத்தேன்? அவிய மனசு நோகப் பேசிட்டு நீ நல்லா இருந்திருவியா? இனி எம் முகத்துலயே முழிக்காத!"

ஸ்பீக்கரில் யுவராணியின் குரல் மெலிதாக வந்தது. "தப்பு எம் மேலதாம்மா."



வைகுண்டராஜ் திருப்தியாக நாற்காலியில் சாய்ந்தார். "இது பொம்பள! நியாயம் தெரிஞ்சவ."

திரும்பிப் பார்த்தால், மாரீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நீ எதுக்குட்டி அழுத?"

"மொதல்ல அந்தப் பிள்ளையத் திட்டுறத நிறுத்தச் சொல்லுங்க. அவ ஒரு தப்பும் செய்யல."

"பின்ன?"

அவள் உள்ளறைக் கதவை ஒரு தரம் பார்த்தாள். அவர் காதருகே குனிந்தாள்.

"கட்டிக்கிட்ட காலத்துலருந்து லீவுக்குத்தான் வந்தீக. வந்தாலும் வீடு நெறைய ஆளு. இப்பவும் அப்படித்தான. நாம ரெண்டு பேரு மட்டும் ஒரு பொழுது சேந்தாப்ல இருந்திருக்கமா? அங்க போயாச்சும் இருப்போம்னு... ஹாஸ்டல் பாருன்னு நாந்தான் அவகிட்டக் கேட்டேன். யாருகிட்டயும் சொல்லிராதன்னு சத்தியம் வேற வாங்கினேன். 'யாரும் கேட்டா பழிய எம் மேல போட்டுருங்க அத்தை'ன்னுட்டா."

சுபேதாரின் காதுமடல் சிவந்தது. பிறகு விருட்டென்று எழுந்து உள்ளே ஓடினார்.

"தங்கச்சி, போன வைங்க! பிள்ளையத் திட்டாதீக. ஹாஸ்டல்தான் வேணும்னு சொன்னதே நாந்தான்."

குருவம்மாள் திகைத்துப் போனாள். "அப்ப எதுக்குண்ணே இம்புட்டு தூரம் சண்டைக்கு வந்தீக?"

"சொன்னத மறந்துட்டேன், தங்கச்சி."