நிற்காத குமிழி
பவானிசாகர் அணை நீரில் உச்சி வெயில் தகடாய்க் கிடக்கிறது. படகில் பஞ்சர் கடைக் கம்ப்ரசர் தடதடக்கிறது. அதன் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, மூழ்கிய மரத்தில் சிக்கிய மீன்வலையை விடுவிக்க மாசாணம் அடியில் இறங்கியிருக்கிறான். இடுப்பில் கயிறு இல்லை. வலையில் மாட்டுமென்று குத்தகைக்காரர் பிரகாசம் அவிழ்க்கச் சொல்லிவிட்டார். மேலே குழாயைப் பிடித்தபடி மனைவி மயிலாத்தாள் தண்ணீரையே பார்க்கிறாள். “பாரு அம்மணி, குமிழி நிக்காம வருது. ஆளு நல்லாத்தான் இருக்கான்” என்கிறார் பிரகாசம், பீடியைப் பற்றவைத்து. குமிழிகள் ஒரே சீராகப் பொங்குகின்றன. அவள் குனிந்து உற்றுப் பார்க்கிறாள். “ஏனுங்க, மூச்சு வுட்டா நின்னு நின்னு தானுங்க வரும்?” குழாயை இழுக்கிறாள். கனமே இல்லாமல் வருகிறது.