நூறு சதவீத மனநிறைவு

"கையில கட்டு எதுக்கு? எழுதிக் காட்டச் சொல்வேன்னு முன்னாடியே தெரியுமா?"

அதிகாரியின் அறையில், மேஜைக்கு முன்னால் நின்றிருந்தாள் தற்காலிகத் தட்டச்சர். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. தலையைக் குனிந்தபடியே நின்றாள். அதுவே அதிகாரிக்குப் பாதி வாக்குமூலமாகத் தெரிந்தது.

அதிகாரி இப்போது மாணவரும்கூட. பொது நிர்வாகத்தில் முதுகலை, மாலை நேரப் படிப்பு. இரண்டு வருடத்தில் அவர் வகுப்புக்குப் போனது மூன்று நாள், அதில் ஒரு நாள் குரூப் போட்டோ. பட்டம் கைக்கு வந்தால் இணை இயக்குநர் நாற்காலி நிச்சயம் என்று யாரோ சொன்னதிலிருந்து படிப்பின் மேல் அப்படியொரு பக்தி.

ஆய்வேட்டின் தலைப்பு, 'அரசு சேவையில் மக்களின் மனநிறைவு'. அலுவலகத்துக்கு வரும் பொதுமக்களிடம் கொடுக்க முந்நூறு படிவங்கள் அடித்தார். படிவத்துக்கு இருபது கேள்விகள், எல்லாம் டிக் போடுகிற கேள்விகள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கட்டாகத் தூக்கி சூப்பிரண்டிடம் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கும்போதே இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது படிவங்கள் அவர் மேஜையில் அடுக்கியிருந்தன. அத்தனையிலும் 'மிகத் திருப்தி'. தன் ஊழியர்களின் சுறுசுறுப்பை மெச்சி முன்னுரையில் ஒரு முழுப் பத்தி சேர்த்தார் அதிகாரி. அதைத் தட்டச்சு செய்ததும் இவள்தான்.

மீதி ஒன்று புதன்கிழமை கவுன்ட்டர் பெட்டியில் நாலாக மடித்துக் கிடந்தது. இருபது கேள்விக்கும் 'திருப்தி இல்லை'. போதாததற்கு, அடியில் பேனாவால் மூன்று வரி வேறு.

"கேளுங்க சார், என்ன எழுதியிருக்குன்னு." அதிகாரி அந்தப் படிவத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "'ஆறு தடவை வந்தேன். ஒருத்தரும் தலை நிமிரலை. ஏழாவது தடவை ஒருத்தர் நிமிர்ந்தார், நாளைக்கு வான்னு சொல்ல.' என்ன கொழுப்பு!"

எதிர் நாற்காலியில் இருந்த பேராசிரியர் டீயை ஆற விட்டிருந்தார். அவர்தான் ஆய்வு வழிகாட்டி. அசல் படிவங்களைப் பார்த்து, 'இவை உண்மையானவை' என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போகும்.

"பொதுஜனம் யாராவது எழுதியிருக்கலாமே?" என்றார்.

"ஜனமா? நீங்க வேற சார்! பேரு எழுதற இடத்துல தேதியை எழுதற கூட்டம் அது. கவுன்ட்டர்ல நின்னு கத்தத் தெரியும், இப்படிக் கோர்வையா எழுத வருமா? இது உள்ளே இருக்கிற ஆளோட வேலை. இவளுக்கு இன்னியோட வேலை முடியுது. நீட்டிப்பு ஆர்டர் என் மேஜையில மூணு வாரமாக் கிடக்கு. அந்த வயித்தெரிச்சல்."

கதவோரம் நின்றிருந்த சூப்பிரண்டு தொண்டையைச் செருமினார். "விட்டுடலாம் சார். ஒண்ணே ஒண்ணுதானே. தொண்ணூத்தொன்பது சொச்சமும் கௌரவமான நம்பர்தான்."

"நீங்க சும்மா இருங்க. நூறுன்னா நூறு. அட்டையிலயே போடச் சொல்லிட்டேன்."

வெள்ளைத்தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். அந்த மூன்று வரியையும் எழுதச் சொன்னார். வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு அவள் எழுதினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், ஒரு எழுத்துகூட ஒத்துப்போகவில்லை. வேறு ஆளாக இருந்தால் அங்கேயே மன்னிப்புக் கேட்டிருப்பான்.

"இடது கையால எழுதியிருக்கா சார்! திட்டம் போட்டுப் பண்ணியிருக்கா."

அதிகாரி குரலைத் தணித்துக்கொண்டார். கெட்ட காரியம் செய்யும்போதெல்லாம் அவருக்குக் குரல் தானாகவே தணிந்துவிடும்.

"இதோ பாரும்மா. 'கோபத்துல நான்தான் எழுதினேன்'னு ஒரு வரி எழுதிக் கொடு. செல்லாத படிவம்னு அதைக் கழிச்சுடறேன். உன் ஆர்டர்ல இப்பவே கையெழுத்துப் போடறேன். மாட்டேன்னா, நாளையிலேருந்து வர வேண்டாம்."

மூடியைத் திறந்து பேனாவை அவரே நீட்டினார். பெரிய மனசு.

அவள் மேஜையில் கிடந்த ஆர்டரைப் பார்த்தாள். வீட்டில் படுக்கையோடு கிடக்கும் அப்பாவுக்கும் படிக்கிற தங்கைக்கும் அந்த ஒரு கையெழுத்துதான் சோறு. பிறகு சூப்பிரண்டைப் பார்த்தாள். அவர் நெற்றி வியர்த்திருந்தது.

"எழுதிக் கொடுத்துடும்மா," என்றார் அவர் அவசரமாக. "வம்பு எதுக்கு? சார் சொல்ற மாதிரி எழுதிட்டுப் போ."

அவள் பேனாவை வாங்கினாள். முனை தாளைத் தொட்டது.

"ஒரு நிமிஷம்," என்றார் பேராசிரியர். "எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட வாயால சொல்லும்மா. படிவம் உண்மைன்னு கையெழுத்துப் போடப்போறது நான். இந்தப் படிவத்தை நீதான் எழுதினியா?"

"சொல்லு," என்று அதிகாரி உறுமினார். "ஆமான்னு சொல்லு."

அவள் பேனாவை மேஜையில் வைத்தாள். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள்.

"இல்ல சார். இந்த முந்நூறுல நான் எழுதாதது அது ஒண்ணுதான்."