பாட்டுக்காரியின் மேனேஜர்

“ரெண்டு ரூம் எடுத்தாங்களே, அந்த ஆளோட கட்டில்ல விரிப்புகூடக் கலையலடி” என்றாள் காசியம்மாள். செங்கம் ரோட்டில் அவள் வாடகைக்கு விடும் மாடியில், ஜப்பான் பாட்டுக்காரி யூமியும் அவளுடைய மேனேஜரும் எதிரெதிர் அறைகளில் தங்கியிருந்தார்கள்.

“உனக்கெதுக்கும்மா அது?” என்றாள் மகள் சிந்துஜா.

“கல்யாணம் ஆகாத ஜோடிக்கு ரூம் கிடையாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லித்தானே விடறேன்? தெருவுல என்னைத்தான் பேசுவாங்க. வா, காலி பண்ணச் சொல்லு.”

மாடிக்குப் போய், சிந்துஜா தயங்கித் தயங்கி இங்கிலீஷில் சொன்னாள். யூமி பதறிப்போய், சட்டைக்குள்ளிருந்து ஒரு சங்கிலியை இழுத்துக் காட்டினாள். அதில் மோதிரம் ஒன்று கோத்திருந்தது. பிறகு தாழ்ந்த குரலில் ஏதேதோ சொன்னாள்.

“என்னாடி சொல்றா?”

“அவரு இவங்க வீட்டுக்காரராம்மா. கல்யாணம் ஆகி மூணு வருஷமாச்சாம்.”

“அப்புறம் எதுக்கு மேனேஜர்னு பொய்?”

“கல்யாணம் ஆகாத பொண்ணுன்னு விளம்பரம் பண்ணித்தான் கம்பெனி இவங்க பாட்டை விக்குதாம். விஷயம் தெரிஞ்சா ரசிகருங்க சிடி வாங்கறதையே விட்டுடுவாங்களாம். இங்க ஆசிரமத்துக்கும் ஜப்பான்காரங்க வராங்களே, அதான் பயம்.”

ரூம் கிடைப்பதற்காகக் கல்யாணம் ஆகிவிட்டதாகப் பொய் சொன்னவர்களைத்தான் காசியம்மாள் இத்தனை வருஷமாகப் பார்த்திருந்தாள்.

கீழே இறங்கியதும் பக்கத்து வீட்டு அருணாதேவி பிடித்துக்கொண்டாள்.

“யாருக்கா அந்த ஆளு? எந்நேரமும் அந்தப் பொண்ணு கூடவே சுத்தறான்?”

“அவளோட மேனேஜரு” என்றாள் காசியம்மாள். “அந்தப் பொண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாரு, பாவம்.”