கட்டிய கால்கள்

மழை விட்ட காலை வெயில் மண்சுவர்மேல் மங்கலாகப் படர்கிறது. ஈர முற்றத்தில் நான்கு கினிக்கோழிகள் எழ முடியாமல் உட்கார்ந்திருக்கின்றன. அயின்போகா ஒன்றைத் தூக்கி நிறுத்துகிறாள். கால்கள் இரண்டும் பக்கத்துக்கொன்றாக வழுக்க, அது நெஞ்சு மோதச் சேற்றில் விழுகிறது. வீங்கிய மூட்டு அவள் விரலில் சுடுகிறது. மறைப்புக்குப் பின்னால் மகன் அதுலே பாட்டு முணுமுணுத்தபடி குளிக்கிறான். பெண் கேட்டுப் போகும் நாள் இன்று. சீராகக் கினிக்கோழி கொண்டுபோகாமல் பெண் வீட்டு வாசலை மிதிக்க முடியாது. கணவன் அடோம்பிரே சைக்கிளிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு வருகிறான்.

“காலக் கட்டிட்டா நொண்டின்னு எவனுக்குத் தெரியும்?”

“அங்க போய் அவுப்பாங்கல்ல, அதுலே அப்பா?”

“அதுக்குள்ள பேச்சு முடிஞ்சிரும். நீ பிடி.”

அவள் பிடிக்கிறாள். நல்ல கோழியைத் தொட்டாலே ஊரைக் கூட்டும். இதுவோ கயிறு இறுக இறுக, சத்தமே போடாமல் அவளைப் பார்க்கிறது. அலகோரம் எச்சில் வழிகிறது.

“அந்த வீட்டுலயும் கோழி இருக்கு,” என்கிறாள் அயின்போகா. “இதுங்க அங்க போனா அதுங்களுக்கும் சீக்கு ஒட்டிக்கும். அப்புறம் அந்தப் பொண்ணு மூஞ்சில காலமெல்லாம் நாம எப்படி முழிப்போம்?”

அடோம்பிரேயின் கையிலிருந்த கயிறு தளர்கிறது. பாட்டுச் சத்தம் நின்றுவிட்டது. மறைப்பின் பின்னால் தண்ணீர் மட்டும் சொட்டுகிறது. அயின்போகா கட்டை அவிழ்த்து, கோழியின் கழுத்தைப் பிடித்து ஒரே திருகாகத் திருகுகிறாள். அடுத்ததை எடுக்க எழுந்து நடக்கிறாள். அது ஓடாமல் உட்கார்ந்திருக்கிறது.