வகுப்பு தொடங்கிய கதை

"சொல்லிடாதம்மா. சாரு தாங்க மாட்டாரு" என்று மணவாளன் தையலம்மாளின் காதோரம் முணுமுணுத்தார்.

"மைக்க கையில குடுத்துட்டாங்களேண்ணே, இன்னா பண்றது?" தையலம்மாள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

உறுவையாறு சமுதாயக் கூடம் நிரம்பியிருந்தது. பணி ஓய்வு பெற்றவர்கள் ஒன்றாகக் கூடிப் படிக்கும் வகுப்புக்கு அன்று பத்தாம் ஆண்டு விழா. ஆங்கிலத்தில் தொடங்கிய வகுப்பு, செல்போன், சட்டம், பிரெஞ்சு என்று வளர்ந்துவிட்டது. வில்லியனூரிலிருந்துகூட பஸ் ஏறி வருகிறார்கள். அதன் வரலாற்றைப் பதிவு செய்யப் பேராசிரியை புவனேஸ்வரி கேமராவோடு வந்திருந்தார்.

"இந்த வகுப்பு முதல்ல யாரோட யோசனை?" என்று அவர் கேட்டதும், மேடை நடுவில் இருந்த முத்துசாமி இருவரையும் கை காட்டினார். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர். முதல் நாளிலிருந்து வகுப்பை நடத்துபவர் அவர்தான்.

"இவங்கதான் என் வூட்டுக் கதவத் தட்டினாங்க. எதுக்கு வந்தாங்கன்னு அவங்களே சொல்லட்டும். உள்ளது உள்ளபடி சொல்லணும் தையலம்மா."

நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற தையலம்மாள், எத்தனையோ அவசர நேரங்களைப் பார்த்தவர். இப்படித் தடுமாறியதில்லை. தபால்காரராக இருந்த மணவாளன், வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார்.

"எனக்கு இங்கிலீஷ் கத்துக்க ஆசைங்க. மருமவ பெங்களூருக்காரி, அவகிட்ட பேசணும். அண்ணனுக்கும் ஆசை. சாரு வூட்டுல சும்மாதான இருக்காருன்னு போய்க் கேட்டோம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் சார்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

முத்துசாமியின் குரல் கடுமையாக இருந்தது. மணவாளன் அவசரமாக எழுந்தார்.

"அதான் சொல்லிட்டாங்களே சார், வுடுங்க. சாப்பாடு ஆறிப்போவுது."

யாரும் சிரிக்கவில்லை. முத்துசாமி எழுந்து வந்து தையலம்மாளிடமிருந்து மைக்கை வாங்கினார். மணவாளன் கண்களை மூடிக்கொண்டார்.

"இவங்க சொல்றது பொய். படிக்க வந்தவங்க ஒரு பேனா கூட எடுத்துனு வரல. என் சம்சாரத்துக்குக் காரியம் முடிஞ்ச மறுநாள் அது. இவரு என்னை ஒட்டி உக்காந்துக்கினு பேச்சுக் குடுத்தாரு. அந்த நேரத்துல, நான் வாங்கி வச்சிருந்த பூச்சிமருந்த இந்தம்மா முந்தானையில மறைச்சு எடுத்துனு போனாங்க."

தையலம்மாள் அவர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"அன்னிக்கே தெரியும். தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா, மறுநாள் நீங்க ரெண்டு பேரும் வராம போயிடுவீங்களோன்னுதான் பாடம் நடத்த ஆரம்பிச்சேன்."