மச்சினன் விரல்

"உங்க மெஷின் பொய் சொல்லுது!"

கிரேன் ஓட்டுநர் போட்ட சத்தத்தில், மருத்துவ அறை வாசலில் நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது.

"கத்தாதீங்க," என்றாள் நர்ஸ். "நேத்து உங்க ரத்தத்துல சர்க்கரை ரொம்ப அதிகம். டாக்டர் பார்த்துச் சொல்ற வரைக்கும் கிரேன்ல ஏறக் கூடாது. ஆரம்பத்துலயே தெரிஞ்சது நல்லதுதானே?"

"யாருக்கு நல்லது? என்னைக் கீழே இறக்கிட்டு எனக்கே நல்லதுங்கிறியா?"

நேற்று குத்தியது அவர் விரலே இல்லை. அதை வெளியே சொல்லவும் முடியாது.

நிரந்தர ஆட்கள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று கம்பெனியில் சொன்னதுமே வீட்டில் போய்ப் புலம்பினார். "சர்க்கரைன்னு வந்துட்டா என் சீட்டைக் கிழிச்சிடுவானுங்க."

மனைவிதான் வழி சொன்னாள். "என் தம்பியை அனுப்புங்க. உங்க பேரைக் கூப்பிட்டதும் போய் விரலை நீட்டட்டும். அந்தக் கூட்டத்துல முகத்தை யார் பார்க்கிறா?"

மச்சினன் அதே கம்பெனியின் கிடங்கில் தினக்கூலிக்கு மூட்டை தூக்குகிறவன். பல வருஷமாக இவர் வீட்டில்தான் சாப்பாடு. அது இவருக்கு ஆறாத புண். தின்ற சோற்றுக்கு ஒரு சொட்டு ரத்தமாவது கொடுக்கட்டும் என்று சம்மதித்தார். காலையில் காபிகூடக் கொடுக்காமல் மனைவியே தம்பியை அனுப்பிவைத்தாள்.

கடைசியில் அந்தத் தண்டச்சோறு செய்த வேலை இது!

"குத்து இன்னொரு தடவை!" கையை மேசையில் அறைந்து நீட்டினார்.

"சாப்பிட்டீங்களா?"

"நேத்து சாயங்காலம் சேதி வந்ததுல இருந்து பச்சைத்தண்ணி பல்லுல படலை!"

நர்ஸ் குத்தினாள். பார்த்தாள். மெஷினைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு! அப்ப நேத்து எப்படி...?"

"அதான் சொன்னேன்ல!"

டாக்டரும் தலையாட்டிவிட்டார். நிம்மதி வாசல் வரைக்கும்தான் தாங்கியது. அதற்குப் பிறகு கோபம்தான் அவரை வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனது.

"எங்கே உன் தம்பி? என் பொழைப்புல மண்ணள்ளிப் போடப் பார்த்தானே!"

"டாக்டர்கிட்ட போயிருக்கான்," என்றாள் மனைவி.

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"குடம் குடமாத் தண்ணி குடிக்கிறான். ஆள் பாதியா இளைச்சுட்டான். சந்தேகம் வராதா? டாக்டர்கிட்ட வாடான்னா ஓடிடுறான். தினக்கூலிக்காரன் விரலை உங்க கம்பெனியும் குத்தாது. 'மாமாவுக்காகடா'ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். நாள் முழுக்கத் திட்டுற மாமாவுக்கு மறுபேச்சில்லாம நீட்டிட்டு வந்தான்."

அதற்காக அவர் விடுவாரா?

"உன் தம்பியைக் காப்பாத்த என் வேலையை அடகு வெப்பியா? புருஷன் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லையா உனக்கு?"

அவர் விரலில் ஒட்டியிருந்த பஞ்சை மெல்லப் பிரித்தெடுத்தாள் மனைவி.

"சர்க்கரை இருக்கான்னு பார்த்துக்குங்கன்னு எத்தனை வருஷமா உங்களைக் கெஞ்சியிருப்பேன்? பயத்துல நீட்டாத விரலைக் கோபத்துல நீட்டிட்டீங்களே, அது போதும் எனக்கு!"